கொன்றையடிப்புலத்தில் செருக்கி வீசப்பட்ட மேல் இரண்டு அங்குல மண்

அனுப்புபவர்:
யோ. றிச்சர்ட் தேவராஜா (விவசாய டிப்ளோமா),
மிசன் ஒழுங்கை,
கொன்றையடிப்புலம் தெற்கு,
காங்கேசன்துறை வழி.

பெறுபவர்:
மாவட்ட விவசாய அதிகாரி அவர்கள்,
யாழ்ப்பாணம்.

விடயம்: திருமதி வினிபிரட் அருளையாவின் தோட்டக் காணியை இம்மாதம் 13ஆம் திகதி ஒன்பது அங்குல ஆழத்துக்கு உழும்படி இடப்பட்ட மேற்பார்வைக் கட்டளையும், அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் மண் மாதிரியின் பிழையும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி காணி எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். எனது தமக்கையாரின் சீதனக் காணி. அவருடைய கணவர் காலமாகி நாலு வருடமாகிறது. இரண்டு பெண்பிள்ளைகளையும் அவர் இந்தக் காணியின் மிளகாயை நம்பியே வளர்க்கிறார். நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கும் அவரிடம் வேறு காணி இல்லை. பயிர் செய்பவர் அவர்; எப்படிச் செய்வது என்று சொன்னவன் நான். கட்டளைப்படி உழாவிட்டால் பயிர்ச்செய்கை உரிமை வேறொருவருக்குக் கொடுக்கப்படும் என்று எமது ஊர்ப் பயிர்ச்செய்கைக் குழு எழுத்தில் அறிவித்திருக்கிறது. உழுதால் என்ன நடக்கும் என்பதைக் கீழே எழுதுகிறேன். மனு நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். சுருக்கமாகச் சொன்னபோது எவரும் கேட்கவில்லை.

2. எங்கள் பகுதிச் செம்மண் பார்வைக்குத்தான் ஆழம். காங்கேசன்துறையில் சீமெந்துக்கு வெட்டியெடுக்கிற அதே சுண்ணாம்புக்கல் இந்தக் காணியில் ஒன்றரை அடியில் கிடக்கிறது. சில இடங்களில் ஒரு அடிதான். கீழ்மண்ணில் அந்தக் கல்லின் துண்டும் பொடியும் கலந்திருக்கின்றன. செடிக்கு வேண்டிய பொசுபரசுச் சத்து சுண்ணாம்பைச் சந்தித்தால் அதனோடு சேர்ந்து இறுகிவிடும். பிறகு அது மண்ணில் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. ஐயா அவர்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கட்டளையை எழுதியவர்கள் இதை அறிந்து எழுதியதாகத் தெரியவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

3. 1973ஆம் ஆண்டு புரட்டாதியில், குழுத் தலைவர் திரு. கனகசபாபதி அவர்களின் வற்புறுத்தலால், காணியின் தெற்குப் பாதி நாலு பரப்பும் கூட்டுறவுச் சங்கத்து உழவு இயந்திரத்தால் ஒன்பது அங்குலம் உழப்பட்டது. வெள்ளைக் கல்லுத்துண்டுகள் மேலே வந்தன. அடுத்த நாள் நான் தலைவரை அழைத்து, அந்த மண்ணில் அரைப் போத்தல் வினாகிரி ஊற்றிக் காட்டினேன். மண் நுரைத்தது. சுண்ணாம்பு இருந்தால்தான் நுரைக்கும். தலைவர் குனிந்து பார்த்து, "சோடாப் போத்தல் மாதிரியெல்லோ பொங்குது. மண்ணிலை நல்ல சத்துக் கிடக்கு தம்பி" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வருடம் அந்தப் பாதியில் மிளகாய்க் கன்று முழங்காலுக்கு மேல் வளரவில்லை. இலை கறுத்தது. தண்டு மெலிந்தது. பூ மூன்று கிழமை பிந்தியது. ஒரு அந்தர் சுப்பர் பொசுபேற்றுப் பசளை போட்டும் இந்த நிலை. போட்டதையும் சுண்ணாம்பு பிடித்துவைத்துக்கொண்டது.

4. வடக்குப் பாதி நாலு பரப்பும் 1972 முதல் உழப்படவில்லை. ஐப்பசி மழையோடு அதில் பசுந்தாட் பசளைக்காகச் சணல் விதைக்கிறோம். பூக்க முன்னர் அடியோடு வெட்டி, வெட்டிய இடத்திலேயே படுக்க விடுகிறோம். ஊரார் செய்வதுபோல் அதை உழுது மண்ணுக்குள் தாழ்ப்பதில்லை. மிளகாய்க் கன்று வைக்கும் இடத்தில் மாத்திரம் ஒரு சிரட்டை கொள்ளும் அளவுக்குக் குழி. சணலின் வேர் கீழே சிதறிக் கிடக்கும் பொசுபரசைத் தேடி எடுத்து இலைக்கும் தண்டுக்கும் கொண்டுவருகிறது. இலை மேலே கிடந்து உக்குகிறபடியால் பொசுபரசும் மேல்மண்ணிலேயே தங்குகிறது. கீழே உள்ள சுண்ணாம்பிடம் போவதில்லை. 1974இல் நான் ஒரு மண் ஆய்வுகூடத்தில் பதினொரு மாதம் தற்காலிக உதவியாளராக இருந்தபோது, மேலதிகாரியின் அனுமதியோடு இந்த மண்ணைச் சோதித்தேன். வடக்குப் பாதியில், மேல் இரண்டு அங்குலத்தில் பத்து லட்சத்துக்கு இருபத்துநாலு பங்கு பொசுபரசு இருந்தது. அதற்குக் கீழே ஐந்து பங்குதான். உழுத தெற்குப் பாதியில் மேலும் கீழும் ஒன்றாக, நாலு.

5. இந்த முறையில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. மேலே சேர்வது மேலிருந்தே கழுவப்பட்டுப் போகவும் கூடும். போன கார்த்திகை வெள்ளத்தில், வடகிழக்கு மூலையால் ஓடிய தண்ணீர் தேங்கி நின்ற கிடங்கு பத்து நாளில் பச்சைப் பாசி பிடித்தது. பாசிக்குப் போட்ட பசளை எங்கள் சணல் சேர்த்துவைத்த பொசுபரசுதான். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு அடி உயரத்துக்கு வரம்பு கட்டினோம். குழுவில் எவரும் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்தது புல்லைத்தான்.

6. எங்கள் ஊரில் தோட்டம் என்றால் கூட்டிய முற்றம்போல் இருக்கவேண்டும். சருகு கிடக்கிற காணி ஆள் இல்லாத காணி என்பது எல்லோருடைய எண்ணம். கிணற்றடியிலும் சங்கக் கடையிலும் எங்கள் காணிக்கு "டிப்ளோமாக் காடு" என்று பெயர். தமக்கையார் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றால், "பாம்புக்கடிக்குப் பார்க்கிற பரியாரியாரைக் கையோடை வைச்சிருக்கிறியளோ அக்கா?" என்று கேட்கிறார்கள். தலைவர் இதை வேறு விதமாகச் சொன்னார்: "சணலை வெட்டிப்போட்டுத் தாழ்க்காமல் விடுறது, சோத்தைக் காய்ச்சி இறக்கிப்போட்டுப் பட்டினி கிடக்கிற மாதிரி." பகிடிக்கு நான் அஞ்சுவதில்லை. ஆனால் சென்ற வைகாசியில், காணி கவனிக்கப்படாமல் கிடக்கிறது என்று குழுவில் முறைப்பாடு பதியப்பட்டது. கவனியாத காணியைக் கையேற்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

7. திரு. கனகசபாபதி அவர்கள் ஊழல் செய்பவர் அல்லர். இயந்திரத்தில் அவருக்குப் பங்கும் இல்லை. வெயிலில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காணியாக நடந்து பார்க்கிற மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்த மனுவை எழுதுவது இலகுவாக இருந்திருக்கும்.

8. மண் சோதனை வேண்டும் என்று கேட்டவன் நானே. சங்கக் கடையில் பத்துப் பதினைந்து பேர் நிற்கத் தலைவர் அதற்கு ஒப்புக்கொண்டார். "கடதாசி என்ன சொல்லுதோ அதுக்கு நானும் கட்டுப்படுறன், நீரும் கட்டுப்படவேணும். சம்மதமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். மண்ணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆகவே யோசிக்கவில்லை.

9. யூலை 8ஆம் திகதி செவ்வாய்க்கிழமை உத்தியோகத்தர் ஒருவர் மாதிரி எடுக்க வருவதாக அறிவித்தல் வந்தது. முதல்நாள் பின்னேரம் நான் வடக்குப் பாதியில், மண் எடுக்கவேண்டிய ஐந்து இடங்களில் அடையாளக் குற்றி அடித்து வைத்தேன். அடுத்தநாள் காலையில், மண்ணை அங்குலக் கணக்கில் எடுக்கும் துளைகருவி ஒன்றை இரவலாக வாங்க நெல்லியடிக்குச் சைக்கிளில் போனேன். வைத்திருந்தவர் தர மறுத்துவிட்டார். "போன முறை கொண்டுபோனவை முனையை மழுக்கிப்போட்டுத் தந்தவை" என்றார். போகவர எத்தனை மைல் என்று ஐயா அவர்களுக்குத் தெரியும். வெறுங்கையோடும் கோபத்தோடும் நான் வந்துசேர்ந்தபோது பதினொரு மணி கழிந்துவிட்டது. உத்தியோகத்தர் நேரத்தோடு வந்து, மண்வெட்டியால் ஆறு அங்குலம் வெட்டி, ஐந்து குற்றியடியிலும் மண் எடுத்துப் பொதியையும் கட்டிவிட்டார்.

10. குற்றிகளைச் சுற்றி நிலம் துப்புரவாக இருந்தது. நான் கண்டேன். படிவத்தில் "மேலே கிடக்கும் சருகு குப்பையைக் கையால் நீக்கிய பின்" என்று ஒரு வரி இருக்கிறது. அப்படித்தான் நீக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். குனிந்து பார்க்கவில்லை. உத்தியோகத்தருக்குப் பஸ் பிடிக்கவேண்டிய அவசரம். "நீர் டிப்ளோமா எல்லே? உம்மடை கையெழுத்து எண்டால் ஆய்வுகூடத்திலை ஒருத்தரும் கேள்வி கேளாயினம். வையும்" என்றார். மாதிரி முறைப்படி எடுக்கப்பட்டதை நேரில் கண்டதாகச் சொல்லும் சான்றுரையின் கீழ், சைக்கிள் சீற்றில் படிவத்தை வைத்துக் கையொப்பமிட்டேன். நேரில் காணவில்லை. அந்த உத்தியோகத்தரை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்குக் கேட்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

11. முடிவு வருவதற்குப் பத்துக் கிழமைக்கு மேல் சென்றது. பொசுபரசு ஐந்து பங்கு. கடும் குறைபாடு. பத்துக்குக் குறைந்தால் குறைபாடு என்பது படிவத்தின் கணக்கு. செப்ரெம்பர் 26ஆம் திகதி குழுவின் கட்டளை வந்தது: வடக்குப் பாதியில் உள்ள பற்றை முழுவதும் அகற்றப்படவேண்டும், இயந்திரத்தால் ஒன்பது அங்குலம் உழப்படவேண்டும், இரண்டு அந்தர் சுப்பர் பொசுபேற்று போட்டுக் கலக்கப்படவேண்டும், தவறினால் காணி முழுவதும் கையேற்கப்படும். இயந்திரம் ஒக்டோபர் 13ஆம் திகதி திங்கட்கிழமை காலை வரும்.

12. ஐந்து என்ற எண்ணை நான் பார்த்ததும் ஆய்வுகூடத்தைத்தான் ஏசினேன். பிறகு அந்த எண் எனக்குப் பழக்கமான எண் என்பது விளங்கியது. அது பொய்யான எண் அல்ல. எங்கள் காணியில் மேல் இரண்டு அங்குலத்துக்குக் கீழே இருக்கிற மண்ணின் எண் அது. மேல் இரண்டு அங்குலத்தில் இருபத்துநாலு, கீழே நாலு அங்குலத்தில் ஐந்து என்றால், ஆறு அங்குலத்தையும் சேர்த்துக் கலந்தால் பதினொன்று வரவேண்டும். பதினொன்று குறைபாடு அல்ல. அப்படியானால் மேல் இரண்டு அங்குலம் பொதிக்குள் போகவில்லை. எங்கே போனது என்று கேட்டுக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரர் சிவக்கொழுந்து அண்ணையிடம் போனேன். மாதிரி எடுத்த நேரத்தில் அவர்தான் உத்தியோகத்தரோடு நின்றவர்.

13. அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. "விடிய வந்து பாக்கிறன், குற்றியடியெல்லாம் ஒரே சருகும் புல்லும். அரசாங்கக் கச்சேரியிலையிருந்து ஒரு மனிசன் வரேக்கை உப்பிடிக் கிடந்தால் ஆருக்குத் தம்பி மரியாதைக்குறைவு? உங்கடை அக்காவுக்குத்தானே? நான்தான் மண்வெட்டியைக் கொண்டு வந்து அஞ்சு இடத்தையும் வட்டமாய், வடிவாய்ச் செருக்கிவிட்டனான். வேரோடை எடுத்தன். ஐயாவின்ரை சப்பாத்திலை தூசி படக்கூடாதெண்டு தண்ணியும் தெளிச்சன்" என்றார். ஒரு குற்றியடியில் உத்தியோகத்தர் நின்று வெட்டுவதற்குச் சாக்கும் விரித்துவைத்தாராம். உத்தியோகத்தர் வந்து, "ஆர் இவ்வளவு துப்புரவாய் வைச்சது?" என்று கேட்டதாகவும் சொன்னார். அதைச் சொன்னபோது அவருக்குச் சந்தோசம்.

14. ஐயா, கலியாண வீட்டுக்கு ஆட்கள் வருமுன் முற்றத்துப் புல்லை மண்வெட்டியால் வழித்துச் செருக்குவதுபோல அவர் எங்கள் மண் மாதிரியைச் செருக்கியிருக்கிறார். சருகைக் கையால் நீக்கியிருந்தால் ஒன்றும் கெட்டிராது. மண்வெட்டி ஒன்றரை, இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. மூன்று வருடச் சணல் சேர்த்ததெல்லாம் அந்த இரண்டு அங்குலத்தில்தான் இருந்தது. செருக்கிய மண்ணை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். "வேலியோரம் வாய்க்கால்கரையிலை கொட்டினன். அதிலை ஒரு பூசணி தானாய் முளைச்சு வந்து நிக்குது, வந்து பாருங்கோவன், நான் இப்பிடி ஒரு பூசணி காணேல்லை" என்றார். போய்ப் பார்த்தேன். கொடி வேலியில் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது. ஏழு காய். பசளை ஒரு பிடிகூடப் போடவில்லை. பூசணியைச் சான்றாகப் பதிவதற்கு ஆய்வுகூடத்தில் படிவம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் உண்மை என்பதால் எழுதுகிறேன்.

15. நான் அவரைக் கூடாத வார்த்தைகளால் ஏசினேன். என்னிலும் முப்பது வயது மூத்தவர். நின்று கேட்டார். பிறகு, "அப்ப அந்த மண்ணை அள்ளிக்கொண்டு வந்து பழையபடி பரவிவிடுறன் தம்பி, ஐயாவைத் திரும்பக் கூப்பிடுங்கோ" என்றார். இம்மனுவின் பேரில் எந்த நடவடிக்கை எடுக்கப்பட்டாலும் அவருடைய பெயர் அதில் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் எந்தக் கடதாசியிலும் கையொப்பமிடவில்லை.

16. செப்ரெம்பர் 29ஆம் திகதி தலைவரிடம் போய் முழுவதையும் சொன்னேன். இடையில் மறிக்காமல் கேட்டார். கேட்டு முடித்து, "கடதாசி உமக்குச் சாதகமாய் வந்திருந்தால் அதைச் சட்டம்போட்டுத் தூக்கியிருப்பீர். எதிராய் வந்தவுடனை கடதாசி பிழையோ?" என்றார். மண் செருக்கப்பட்டதை விளக்கினேன். "சரி, அப்ப பிழையான கடதாசியிலை உம்மடை கையெழுத்து என்னண்டு வந்தது?" என்று கேட்டார். கடைசியில், உழுவதென்றால் நாலு அங்குலத்தோடு நிறுத்தும்படி கேட்டேன். நாலு அங்குலம் உழுதால் பதினாலு பங்கு மிஞ்சும். வெள்ளைக்கல்லும் மேலே வராது. ஒன்பது அங்குலம் உழுதால் உழுத அன்றைக்கே ஒன்பதாகும். சுண்ணாம்பு பிடித்தபிறகு தெற்குப் பாதியைப்போல நாலில் வந்து நிற்கும். தலைவர், "நாலு அங்குலம் எண்டால் உழவோ, சிரைக்கிறதோ? கட்டளையிலை ஒன்பது எண்டு கிடக்கு. உமக்கு ஒண்டு, ஊருக்கு ஒண்டு எண்டு நான் கலப்பையை ஏத்தி இறக்க ஏலாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் எழுத முடியவில்லை. சங்கக் கடையில் "ஓம்" என்று சொன்னவன் நான்.

17. கட்டளைக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை காணிச் சொந்தக்காரருக்கு மாத்திரமே உண்டு என்று கட்டளையின் பின்பக்கத்தில் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. ஆட்சேபத்தை எழுதி, கையொப்பத்துக்கு இடமும் விட்டுத் தமக்கையாரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். கையொப்பமிட மறுத்துவிட்டார். அவர் சொன்னதைக் குறைக்காமல் எழுதுகிறேன்: "பொசுபரசு போனால் பிறகு சேர்க்கலாம். காணி போனால் ஆர் திருப்பித் தருவினம்? நீ சொன்னதுக்காக மூண்டு வரியம் ஊராற்றை பகிடியை வாங்கிக்கொண்டு வரிசையிலை நிண்டனான் தம்பி. இனி என்னாலை ஏலாது. இந்த வீட்டிலை ஒரு ஆள் பாராமல் கையெழுத்து வைச்சது போதும்." இயந்திரம் வருவதற்கு அடுத்த நாளே சம்மதம் எழுதிக் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்.

18. அவரை நான் எப்படிப் பிழை சொல்வது? ஆனால் ஒரு விடயத்தில் அவருடைய கணக்குப் பிழை. போனால் பிறகு சேர்க்கலாம் என்பது இந்த மண்ணில் நடக்காது. சுண்ணாம்புக் கீழ்மண் ஒருமுறை மேலே வந்தால் அதைத் திருப்பிக் கீழே அனுப்ப எந்தக் கலப்பையாலும் முடியாது. அதன் பிறகு எவ்வளவு சணல் விதைத்தாலும், எத்தனை அந்தர் போட்டாலும், சேர்வதெல்லாம் சுண்ணாம்புக்கே. தெற்குப் பாதி இரண்டு வருடமாக அப்படித்தான் கிடக்கிறது. இப்போது வீட்டுக்கு வருகிற மிளகாயில் முக்கால்வாசி வடக்குப் பாதியிலிருந்து வருகிறது. அதுவும் போனால், விளையாத காணி என்று அடுத்த வருடம் இன்னொரு முறைப்பாடு பதிவார்கள். அன்றைக்கு அது உண்மையாகவும் இருக்கும். காணியைக் காப்பாற்றவென்று தமக்கையார் எழுதிக்கொடுத்த சம்மதமே அதைக் கொண்டுபோய்விடும். இதை அவருக்கு விளக்கப்போனேன். என் முகத்தைப் பாராமல் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தார்.

19. ஆகவே இவ்விடயத்தில் என்னுடைய நிலை இது. நான் காணிக்குச் சொந்தக்காரன் அல்லன். குத்தகைக்காரனும் அல்லன். குழுவில் அங்கத்தவனும் அல்லன். சொந்தக்காரர் சம்மதம் கொடுத்துவிட்டபின், அவருக்காகப் பேசும் உரிமையும் எனக்கு இல்லை. வீட்டுக்குள் சொன்னால் வீட்டில் கேட்கவில்லை. வெளியில் சொன்னால், நீ ஆர் என்கிறார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் அதைப் பூட்டினவன் நானாகவே இருக்கிறேன். ஒரு வாரமாகக் கட்டளையையும் படிவத்தையும் முன்னும் பின்னும் வாசித்தேன். இந்தக் கோவை முழுவதிலும் என் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. சான்றுரையின் கீழே.

20. ஆய்வுகூடத்தில் வேலை செய்த பதினொரு மாதமும், சான்றுரை இல்லாத பொதிகளைப் பிரிக்காமல் ஒதுக்கிவைப்பது என் பொறுப்பு. அப்படிப்பட்ட பொதியின் முடிவைக் கொண்டு எந்தக் கட்டளையும் இடப்படுவதில்லை. மாதிரி எடுத்ததை நேரில் கண்டதாகச் சான்று சொன்னவர் அதை மீளப்பெற்றால், அந்த மாதிரியும் சான்றுரை இல்லாத மாதிரிதான். அதற்குச் சொந்தக்காரரின் கையொப்பம் தேவையில்லை. குழுவின் சம்மதம் தேவையில்லை. பொய்யாகச் சான்று சொன்னவனின் கையொப்பம் போதும்.

21. இதன் விளைவு எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. விவசாயப் போதனாசிரியர் பதவிக்கு ஐயா அவர்களின் அலுவலகத்தில் உள்ள பெயர்ப் பட்டியலில் நான் பதினோராவது. நேர்முகப் பரீட்சை நவம்பர் 4ஆம் திகதி. டிப்ளோமா எடுத்து மூன்று வருடமாக இந்த நேர்முக அழைப்புக் கடிதத்துக்காகவே காத்திருந்தேன். அரசாங்கப் படிவத்தில் பொய்ச் சான்று கொடுத்தவர் நியமனத்துக்குத் தகுதியற்றவர் என்று விண்ணப்பத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அதன் கீழும் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். அதை வாசித்துவிட்டே இட்டேன்.

22. எனவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

(அ) 1975 யூலை 8ஆம் திகதிய படிவத்தில் நான் கொடுத்த சான்றுரையை இதன்மூலம் மீளப்பெறுகிறேன் என்பதையும், மாதிரி எடுக்கப்பட்டதை நான் நேரில் காணவில்லை என்பதையும் கோவையில் பதியவும்;

(ஆ) அதனால் அந்த மாதிரி செல்லுபடியாகாது என்பதையும், கட்டளை நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் குழுத் தலைவருக்கு 13ஆம் திகதிக்கு முன் எழுத்தில் அறிவிக்கவும்;

(இ) புதிய மாதிரி, மேல் இரண்டு அங்குலம் வேறாகவும் அதற்குக் கீழ் நாலு அங்குலம் வேறாகவும், உத்தியோகத்தர் ஒருவரின் முன்னிலையில் எடுக்கப்பட ஒழுங்கு செய்யவும். வரும் நாளை முன்கூட்டி ஊருக்கு அறிவிக்கவேண்டாம். அறிவித்தால் துப்புரவு செய்துவிடுவார்கள். அந்த மாதிரியும் ஐந்து என்று சொன்னால் நானே இயந்திரத்துக்கு முன்னால் நடந்து வழிகாட்டுகிறேன்.

பட்டியலில் எனது பெயரைப் பற்றி விதிப்படி செய்யவேண்டியதைச் செய்யவும். அதில் நான் சலுகை எதுவும் கேட்கவில்லை.

23. தபாலில் போட்டால் 13ஆம் திகதிக்கு முன் கிடைக்குமோ என்ற ஐயத்தால் இதை நேரில் கொண்டுவந்து கையளிக்கிறேன். இம்மனு பற்றித் தமக்கையாருக்குத் தெரியாது. ஆகவே எனது விலாசத்துக்குப் பதில் அனுப்பவேண்டாம். எனக்கு வரும் கடிதங்களை வாசலில் வாங்குபவர் அவரே. குழுத் தலைவருக்கு ஐயா எழுதும் ஒரு வரி போதும். திங்கட்கிழமை காலையில் நான் காணியில் நிற்பேன். இயந்திரம் வராவிட்டால் ஐயாவின் பதில் கிடைத்துவிட்டது என்று அறிந்துகொள்வேன்.

இங்கு எழுதியவை அனைத்தும் நான் அறிந்த அளவில் உண்மை. பொய்யாகக் கண்டால் அதற்குரிய தண்டனைக்கு நானே ஆள்.

இணைப்பு: கட்டளையின் பிரதி, 1974இல் எடுத்த அளவுகள், இரண்டு தாள்.

இடம்: கொன்றையடிப்புலம் தெற்கு
திகதி: 1975 ஒக்டோபர் 6

பணிவுடன்,
யோ. றிச்சர்ட் தேவராஜா
(சான்றுரையை மீளப்பெறுபவர்)